பை வந்ததும் நின்ற சரணம்

இந்தக் காலத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அறையில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தங்கள் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். யாருக்கோ இதே வியாதி வந்து அவர் எப்படிச் செத்தார் என்று, படுத்திருக்கிறவளிடமே விலாவாரியாகச் சொல்வார்கள். கிளம்பும்போது தலையில் கை வைத்து ‘தைரியமா இருங்க’ என்பார்கள். பிறகு வாசல் குழாயில் அந்தக் கையைக் கழுவுவார்கள். நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

படுத்திருந்தது என் அக்கா. வயது எழுபத்தாறு. மகன் வீட்டுப் பின்னறையில் கிடந்தாள். அறைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பஞ்சர் ஒட்டும் கடை. நாள் முழுக்கக் காற்றடிக்கிற மிஷின் சத்தம். சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்தவன் நான்தான். ஐம்பது வருஷம் பெயிண்ட் அடித்துப் பிழைத்தவன், படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு சுவர் உள்ளே ஈரம் வைத்துக்கொண்டு வெளியே சிரிக்கிறதா இல்லையா என்று தட்டிப் பார்க்காமலே சொல்வேன். மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் ஈரம்தான்.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. முதலில் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பாதி பாதத்தை எடுத்தார்கள். அதுவும் ஆறவில்லை. கணுக்காலுக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. பூச்சுக்கு உள்ளே தண்ணீர் நின்று அழுகின சுவரைக் கொத்தும்போது ஒரு வாடை குப்பென்று வரும், மூக்கை விட்டுப் போக இரண்டு நாளாகும். அந்த வாடை அறையில் இருந்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை. அவள் என் அக்கா.

டாக்டர் நேர்மையான ஆள். முழங்காலுக்கு மேலே வெட்டவேண்டும் என்றார். வெட்டினால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ இருக்கலாம், அல்லது இருதயம் தாங்காமல் ஆபரேஷன் மேஜையிலேயே போய்விடலாம். வெட்டாவிட்டால் சில வாரங்கள், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். எதுவானாலும் கையெழுத்துப் போடவேண்டியது அவள்தான், அவள் சுயபுத்தியோடு இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்.

அக்கா யோசிக்கவே இல்லை. “போதும் டாக்டர். ரெண்டு தடவை குடுத்தாச்சு. மிச்சம் இருக்கிறது மிச்சமாவே இருக்கட்டும்” என்றாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மறுபடி மேஜைமேல் ஏறாமல், இருக்கிற காலோடு, தன் கட்டிலில் போய்ச் சேரவேண்டும். அதைக் கொடுக்கத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

முக்கியமாக அவள் மகனுக்கு, அதாவது என் மருமகனுக்கு. நில அளவை ஆபீசில் வேலை, வயது ஐம்பத்திரண்டு. ஊராருடைய வேலியையெல்லாம் அளந்தவன், தன் அம்மாவின் காலை மட்டும் அளக்கத் தெரியாமல் நின்றான். கெட்டவன் இல்லை. ஒன்பது வயதில் அப்பாவைப் பறிகொடுத்தான். அக்கா தையல் மிஷினை மிதித்தே அவனை ஆளாக்கினாள். அம்மா இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயம்தான். ஆனால் பயந்தவன் செய்கிற அநியாயத்தைக் கெட்டவன்கூடச் செய்யமாட்டான். அம்மாவுக்கு மனசு தளர்ந்துவிட்டது, தேற்றினால் கையெழுத்துப் போடுவாள் என்று முடிவு கட்டி, சபையிலிருந்து ஜெபக்குழுவை வரவழைத்தான்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பாட்டு வருகிறது.

எங்கள் கோயிலில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஆர்கன் வாசித்த ஒருவர் எழுதி மெட்டுப் போட்ட பாட்டு. விடாமுயற்சிப் பாட்டு என்று பெயர். எங்கள் சபையில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் அதுதான், வேலை போனவனுக்கும் அதுதான், புருஷனிடம் அடிவாங்கி வந்தவளுக்கும் அதுதான். முதல் சரணம் இப்படிப் போகும்:

விடாதே, நெஞ்சே, விடாதே,
மேட்டின்மேல் தீபம் காணுதே;
பாதம் புண்ணாய்ப் போனாலும்
பாரம் தாங்கி ஏறிடு.

எழுதினவருடைய படம் சபை மண்டபத்தில் தொங்குகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுவருக்கு அடிக்கும்போது நான்தான் கழற்றி மாட்டுவேன். தாடி, கோட்டு, எங்கேயோ பார்க்கிற பார்வை. படத்துக்குப் பின்னால் பல்லி முட்டை. வருஷம் ஒருமுறை அவர் கதையைப் பிரசங்கத்தில் சொல்வார்கள். காலரா வந்த வருஷம், ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகளைப் புதைத்தாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைக்காமல் நடந்தே வந்து, ரத்தம் ஒழுகுகிற காலோடு ஆர்கன் மிதித்தாராம். அப்போது தானாக விரலில் வந்த மெட்டாம் இது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர் நடந்தது நாலு மைல். கல்யாணமானபோது ஏழு மைல். இப்போது பதினொரு மைல். செத்தபிறகும் மனிதர் நடப்பதை நிறுத்தவில்லை போலிருக்கிறது.

நான் நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கோயில் முகப்பில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், ஆர்கன் வாசித்தவர்கள் பெயரும் வருஷமும் வெட்டின கல். அதன்மேல் ஏறியிருந்த சுண்ணாம்பை ஒருமுறை நான் சுரண்டி எடுத்தேன். ஒருத்தர் முப்பத்திரண்டு வருஷம் வாசித்திருக்கிறார், இன்னொருத்தர் இருபத்தாறு. விடாதே விடாதே என்று எழுதின இந்த மகான் வாசித்தது இரண்டே வருஷம். அன்றைக்கே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் நூல் கோத்துக்கொண்டே சிரித்தாள். எழுதுகிறவனே அதைச் செய்தும் காட்டவேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டாள். அவளுக்குப் பாட்டென்றால் உயிர்.

பாடகர் குழுவில் ஐம்பத்தோரு வருஷம் பாடினவள் அவள். அதிலும் எல்லாரும் பாடுகிற மெட்டு அவளுக்கு இல்லை. கீழ்க்குரல், ஆல்ட்டோ என்பார்கள். மேலே மற்றவர்கள் மெட்டைப் பாட, அடியில் வேறு ஒரு மெட்டு ஓடும். சேர்ந்து கேட்டால் நன்றாக இருக்கும், தனியாகக் கேட்டால் வழி தவறின மாடு கத்துவது போல இருக்கும். சின்ன வயதில் அவள் வீட்டில் பழகும்போது எங்கள் அப்பா, இந்தக் குரலை வைத்துக்கொண்டு கோயிலில் பாடவேறு கூப்பிடுகிறார்களா என்பார். அவளுக்கு அதுதான் பாட்டு. ஐம்பத்தோரு வருஷமும் கீழே நின்று தாங்கினாள்.

பாட்டுக்கு நூற்றைம்பதாவது வருஷ விழா ஆறு வாரத்தில் வரவிருந்தது. மருமகன்தான் விழாச் செயலாளர். ஒரு ஸ்வரம் தெரியாது, நாற்காலி எண்ணத் தெரியும். ஆபரேஷன் முடிந்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுவந்து, விடாமுயற்சிக்கு இதோ சாட்சி என்று காட்டவேண்டும் என்று சபையில் பேசிவைத்திருந்தார்கள். அவனும் தலையாட்டியிருந்தான். காலை வெட்டி, மிச்சத்தை மேடையில் வைத்துக் கைதட்டுவதற்கு இவர்களுக்கு மனசு வருகிறதே.

ஜெபக்குழு தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு வந்தது. முன்னால் போதகர் வீட்டம்மா. பின்னால் நாலைந்து பெண்கள், அதில் ஒருத்தி சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டாள். நான் அவளுக்கு சென்ட் புட்டி என்று பெயர் வைத்தேன். கடைசியில் பாட்டு வாத்தியார், சின்னக் கீபோர்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. அவர்தான் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். மெலிந்த மனிதர், பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

நாலு சரணமும் பாடுவார்கள். பாதம் புண்ணாய்ப் போனாலும் என்ற இடத்தில் போதகர் வீட்டம்மா கண்ணை மூடி, கையை உயர்த்தி, இழுத்துப் பாடுவாள். போர்வைக்கு அடியில் பாதிப் பாதத்தோடு ஒருத்தி கிடக்கிறாள், அவள் தலைமாட்டில் நின்று இந்த வரியை இழுக்கிறோமே என்ற கூச்சம் ஒருத்தி முகத்திலும் இல்லை. பாட்டு முடிந்ததும், ஆண்டவர் கொடுத்த உயிரை வேண்டாம் என்று சொல்லலாமா, பதினொரு மைல் நடந்தவரை நினைத்துப் பாருங்கள் என்று ஆளுக்கு ஒரு வாய் புத்தி சொல்வார்கள். யாராவது ஒருத்தி அக்காவுக்கு வந்த ஆரஞ்சையே உரித்துத் தின்பாள். விதையைச் சுவரோரம் போடுவாள். என் சுவர்.

அக்கா ஒவ்வொரு நாளும், நன்றாகப் பாடினீர்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். அந்த மரியாதையும் எனக்குக் குமட்டியது.

ஐந்தாம் நாள் அவர்கள் போனபிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“தம்பி, அந்தப் பாட்டுக்கு அஞ்சாவது சரணம் ஒண்ணு இருக்கு. பாட்டுக் குழுவில சேந்தப்ப பழைய புஸ்தகத்துல பாத்தேன். ஒரு தடவை பழகினோம், கோயில்ல பாடினதே இல்ல. மெட்டு தொண்டையில நிக்குது, வார்த்தை வரமாட்டேங்குது. தேடிக் குடுடா.”

“நாலுக்கே வாந்தி வருது. அஞ்சாவது எதுக்கு?”

“எனக்கு வாதாடத் தெரியாது. அவங்களுக்குப் பாட்டுதான் புரியும். பாட்டாலயே சொல்லிடறேன்.”

ஒரு சரணம் என்ன கிழித்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் அக்கா என்னிடம் ஒன்று கேட்டு வெகுகாலம் ஆயிற்று. மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன்.

மணியடிக்கிற கிழவன் என் கூட்டாளிதான். காது பாதி போனவன். மணிக்கு அடியில் நாற்பது வருஷம் நின்றால் யாருக்கும் போகும். சாமான் அறையைத் திறந்துவிட்டான். பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றும் அலமாரியில் இல்லை. அலமாரிக்கு அடியில் இருந்தது. ஒரு கால் குட்டையான இரும்பு அலமாரிக்கு முட்டுக்கொடுக்க மூன்று புத்தகத்தை அடுக்கித் தள்ளியிருந்தார்கள். இரண்டு பேரும் தம் பிடித்துத் தூக்கி, ஒன்றை உருவி, அந்த இடத்தில் ஒரு ஓட்டுத் துண்டை வைத்தோம். அட்டை இல்லை, பூச்சி அரித்தது போக மிச்சம் இருந்தது. பாட்டு இருந்தது. கீழே ஐந்தாவது சரணமும் இருந்தது, தலையில் ஒரு நட்சத்திரப் புள்ளியோடு.

நட்சத்திரம் எதற்கு என்று கத்திக் கேட்டேன். கிழவனுக்கு அது கேட்டது. காணிக்கை எடுக்கும்போது பாடுகிற பாட்டு இது. பின்வரிசையிலிருந்து கிளம்பின பை, நாலாவது சரணம் முடியும்போது முன்வரிசைக்கு வந்து சேர்ந்துவிடும். பை வந்ததும் ஆர்கனை நிறுத்தவேண்டியது. அஞ்சாவதை வேண்டுமானால் பாடலாம், வேண்டாமென்றால் விடலாம் என்பதற்குத்தான் புள்ளி. நூறு வருஷமாக ஒரு நாள்கூட யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்றான். புதுப் புத்தகம் அச்சடித்தபோது, பாடாததற்கு எதற்குக் காகிதம் என்று எடுத்தேவிட்டார்களாம்.

ஒரு மனிதன் கடைசியாக என்ன சொல்ல வந்தான் என்பதைப் பை வந்துவிட்டது என்று கேட்காமல் விட்டவர்கள், அவன் சொன்னபடிதான் நடக்கிறோம் என்று நூற்றைம்பது வருஷமாகப் பீற்றிக்கொள்கிறார்கள். எனக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. கோயில் சாமான் அறை என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

எழுத்து மிகப் பொடி. என் கண்ணுக்கு எறும்பு ஊர்ந்தது. நேரே பாட்டு வாத்தியாரின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்காமல் என்னை உட்காரவைத்து, கண்ணைச் சோதிக்கிற அந்த இரும்பு வளையத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது வில்லையில் எழுத்து நிமிர்ந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தேன்:

ஏறினேன், ஸ்வாமி, போதுமே,
ஏந்திட உம் கை நீளுமே;
பாரம் இங்கே வைக்கிறேன்,
பாதி வழியில் சாய்கிறேன்.

இரண்டாம் முறை படித்தேன். பிறகு வளையத்தைக் கழற்றாமலே அவரைப் பார்த்தேன். வில்லைக்குள் அவர் முகம் பெரிதாக, ஊதினது போலத் தெரிந்தது. உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். எழுதினவருடைய கடிதம்கூடச் சபைப் பெட்டியில் இருக்கிறதாம். பிள்ளைகள் போனது நிஜம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வாசித்துப் பார்த்திருக்கிறார். பிறகு, இனி என்னால் முடியாது, என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டோடு போய்விட்டார். அங்கே கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டு முப்பது வருஷம் இருந்தாராம். ஆர்கனைத் தொடவே இல்லை. வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. நடந்தது என்று பார்த்தால் நூறு அடி இருக்கும்.

“அப்ப வருஷா வருஷம் அந்த மைல் கதையக் கேட்டுக்கிட்டு சும்மா வாசிக்கிறீங்க.”

“விடாதேன்னு தொடங்கற பாட்டு விட்டுட்டேன்னு முடிஞ்சா, ஜனங்க என்ன பண்ணுவாங்க பெரியவரே?” என்றார். துணியால் ஒரு வில்லையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எழுதினவர்மேல் எனக்கு மரியாதை வந்தது என்று நினைக்கவேண்டாம். கஷ்டம் வந்தது, பாடினார். தாங்கவில்லை, எழுந்து போனார். நல்லது. போகும்போது முதல் நாலு சரணத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாமே. மற்றவன் தலைமேல் ஏன் வைத்துவிட்டுப் போகவேண்டும்?

அந்தத் தாளை மட்டும் புத்தகத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். உதடு அசைந்தது. ஏதோ கொடுத்துவைத்த பொருள் திரும்பி வந்தது போல மடித்துத் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அரைத் தட்டு கஞ்சி அதிகமாகக் குடித்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். மருமகனும் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்திருந்தான். சட்டைப் பையில் கையெழுத்துக்கான ஆஸ்பத்திரிப் பாரம், கூடவே பேனா. இன்றைக்கு முடித்துவிடவேண்டும், மறுநாளைக்கு மேஜை காலியாக இருக்கிறது என்றான். மேஜை என்று அவன் சொன்ன விதம் சாப்பாட்டு மேஜையைச் சொல்வது போல இருந்தது.

நாலு சரணம் பாடி முடித்தார்கள். வாத்தியார் கையை எடுத்தார். போதகர் வீட்டம்மா ஜெபத்துக்குத் தொண்டையைச் செருமினாள். அப்போது அக்கா பாடினாள்.

படுத்தபடியே, கண்ணைத் திறந்துகொண்டு, ஐந்தாவது சரணத்தைப் பாடினாள். குரல் காய்ந்திருந்தது, ஆனால் பிசகவில்லை. ஒன்று மட்டும் எனக்கு உறைக்க நேரமாயிற்று. அவள் பாடினது கீழ்க்குரல். ஐம்பத்தோரு வருஷமாக அவளுக்குத் தெரிந்த மெட்டு அதுதானே. மேல்மெட்டு இல்லாமல் அது தனியாக வந்தபோது, அந்தப் பெண்கள் காதுக்கு அது அந்தப் பாட்டாகவே இல்லை. வார்த்தையும் அவர்கள் கேட்டிராதது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சென்ட் புட்டி கைக்குட்டையை முதல்முறையாக மூக்கிலிருந்து எடுத்தாள்.

“பாவம், சர்க்கரை தலைக்கு ஏறிடுச்சு” என்றாள் போதகர் வீட்டம்மா, அக்கா காதில் விழும்படியே. “என்னென்னமோ பாடறாங்க. சுயநினைவு இல்ல தம்பி. இனிமே அவங்க கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நீங்களே மகன்னு போட்டுடலாம்.”

மருமகன் முகம் வெளுத்தது. பிறகு, சொல்லவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது, அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. பேனாவை எடுத்தான். கண்ணில் தண்ணீர் வழிய, பாரத்தை முழங்காலில் வைத்துத் தடவினான்.

நான் தாளைத் தலையணையிலிருந்து உருவி நீட்டினேன். அச்சில் இருக்கிறது, அவள் உளறவில்லை, படித்துப் பார் என்றேன். போதகர் வீட்டம்மா அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, இது நம் புத்தகம் இல்லையே என்றாள். அட்டை இல்லாத தாள், பூச்சி தின்ற தாள். மூன்றாம் வகுப்பு படித்த பெயிண்ட்காரன் நீட்டுகிறான். யார் நம்புவார்கள்?

வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரே, நேத்து வாய் திறந்து சொன்னீங்களே, அத இங்க சொல்லுங்க. அவ காலு போகப்போவுது.”

அவர் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. போதகர் வீட்டம்மாவுக்கு முன்னால் அவர் வாய் என்றைக்கும் திறந்ததில்லை. ஆனால் கை நகர்ந்தது. பாட்டின் மேல்மெட்டைத் தாழ்வாக வாசிக்க ஆரம்பித்தார். வாசித்துக்கொண்டே அக்காவைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தார், குழுவில் அவளைத் தொடங்கச் சொல்லுகிற அசைப்பு.

அக்கா மறுபடி ஏறினேன் ஸ்வாமி என்று எடுத்தாள். இந்தத் தடவை இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. சுவரில் அடிப்பூச்சு தனியாக இருந்தால் அழுக்கு மாதிரி இருக்கும். மேல்பூச்சு விழுந்ததும் இதற்குத்தானா அது என்று தெரியும். அப்படி இருந்தது. ஒரு சுருதி தவறாமல், ஒரு வார்த்தை விழுங்காமல், பாதி வழியில் சாய்கிறேன் என்று நிறுத்தி மூச்சு விட்டாள். பஞ்சர் கடை மிஷின்கூட அந்த நேரம் நின்றிருந்தது, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

மருமகன் பேனாவை மூடினான்.

“ஏம்மா, முன்னயே சொல்லலாம்ல?”

“சொன்னேன்டா. நீதான் பாட்டு கேட்டுட்டிருந்த.”

அவன் பாரத்தை நாலாக மடித்துப் பையில் போட்டான். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மேஜைக்குச் சொல்லிவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான். ஜெபம் சொல்லாமலே கூட்டம் கலைந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மனிதர்களை ஐம்பது வருஷம் தட்டிப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த நாள் நாலு மணிக்கு வந்துவிட்டார்கள். கையில் ஆளுக்கு ஒரு தாள். ஐந்தாவது சரணத்தை நகல் எடுத்திருந்தார்கள். நூறு வருஷமாக மறைந்திருந்த ரத்தினமாம். அதை அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை பாடினார்கள். சாய்கிறேன், சாய்கிறேன் என்று போதகர் வீட்டம்மா அதே கையை உயர்த்தி அதே இழுப்பு இழுத்தாள். முன்பு போகாதே என்று மிரட்டின அதே வாய்கள் இப்போது எப்போது போகப்போகிறாய் என்று கேட்பது போல இருந்தது. ஒருத்தி அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தெளிவாக இருக்கிறாளே என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னாள்.

“தம்பி, கிளம்பற நேரம் நான்தான் பாக்கணும்” என்றாள் அக்கா ஒரு நாள். “இவங்க பஸ் ஏத்திவிடற மாதிரி பாடறாங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். மருமகனுக்கும் கேட்டிருக்கிறது. மறுநாளிலிருந்து நாலு மணிக்கு வாசல் கதவைப் பூட்டிவைத்தான். அந்த ஒரு காரியத்துக்காக அவனைப் பாதி மன்னித்தேன்.

பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். டாக்டர் சொன்னபடி வலியை மட்டுப்படுத்தினார். வாத்தியார் மட்டும் எப்போதாவது பின்பக்கமாக வந்து, அவள் கேட்டதை வாசித்துவிட்டுப் போவார். ஒரு காலைநேரம், பஞ்சர் கடைக்காரன் ஷட்டரைத் தூக்குகிற சமயம், போய்விட்டாள். இருந்த காலோடுதான் புதைத்தோம்.

விழா அதற்குப் பத்து நாள் கழித்து. நான் போகிறதாக இல்லை; மருமகன் கையைப் பிடித்துக் கெஞ்சினான், போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் தாடிக்காரர் படம், பக்கத்தில் அதே அளவில் அக்கா படம். அக்காவை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. அவளுக்கே பிடித்திருக்காது.

போதகர் பேசினார். தாடிக்காரர் பன்னிரண்டு மைல் நடந்தார். ஐந்தாவது சரணம் எழுதினது வெற்றியின் உச்சத்திலாம். பிறகு அக்காவைப் பற்றி ஆரம்பித்தார். எத்தனை வேதனையிலும் கடைசி மூச்சுவரை விடாமல் பற்றிக்கொண்ட வீரப் பெண்மணி என்றார். விடமாட்டேன் என்று கடைசிவரை போராடினாள் என்றார். கைதட்டினார்கள். சென்ட் புட்டி அழுதாள். அக்கா செய்ததெல்லாம் போதும் என்று சொன்னது ஒன்றுதான். அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அந்த மண்டபத்தில் ஐந்தாறு பேருக்காவது தெரியும். அவர்களும் தட்டினார்கள். வாத்தியார் ஆர்கன் பலகையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் தட்டவில்லை, எழுந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

எல்லாரும் பாட்டுக்கு எழுந்தார்கள். நானும் எழுந்தேன், ஆனால் வாசல் பக்கமாகத் திரும்பினேன். மருமகன் சட்டையைப் பிடித்தான்.

“எங்க மாமா போறீங்க? இனிமேதான் அம்மாவோட சரணம்.”

“அது உங்கம்மாவோடது இல்லப்பா. நீ இரு.”

வெளியே வெயில் இருந்தது. பின்னால் ஐந்நூறு பேர் மேல்மெட்டைப் பாடுவது கேட்டது. கீழே தாங்குகிற குரல் அதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, நின்று கேட்கவும் இல்லை. நல்ல பாட்டாகவே இருக்கட்டும். அழுதுகொண்டே எழுதியிருக்கட்டும், அவர் போதும் என்றதும் நிஜமாகவே இருக்கட்டும். ஒரு மனிதன் விடாதே என்றால் அதை வைத்து இன்னொருத்தியைக் கட்டிப்போடுகிறார்கள், விடு என்றால் அதை வைத்துத் தள்ளிவிடுகிறார்கள். இதில் நான் எதை நம்புவது? மெயின் ரோட்டில் பஸ் ஒன்றும் வருகிற வழியாக இல்லை. வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.